மூன்றாவது பல்சக்கரம்

“ஏனுங் தம்பி, கியரையெல்லாம் கழட்டிப் போட்டா இதும் நம்ம சாதா சைக்கிள்தானுங்களே. அதுக்கு எதுக்குங்க இத்தனை பாடு?”

சைக்கிள் கடை அண்ணன் புரியாமல்தான் கேட்டார். அவர் கடைக்குத் தினமும் வருபவை பால்காரர் சைக்கிள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிள், பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுக்கும் விலையில்லா சைக்கிள். எல்லாவற்றிலும் முன்னால் ஒரு செயின் வீல், பின்னால் ஒரு ஃப்ரீவீல், அதாவது மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தை ஓடவிடும் பல்சக்கரம். ஒரே கியர். நம்மூர் காலங்காலமாக ஓட்டுவது இதைத்தான். அப்படியிருக்க, பத்து கியர் உள்ள ரேஸ் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தி, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிடலாம் என்று ஒருவன் சொன்னால் யாருக்கும் அந்தக் கேள்வி வரும். “பராமரிப்புச் செலவு குறையும்ணா” என்றேன். அது பொய்யில்லை. ஆனால் முழுப் பதிலும் இல்லை. அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

ஏனென்றால் சைக்கிள் என்னுடையது இல்லை, மாமாவுடையது. 1991 தீபாவளிக்கு மில்லில் கொடுத்த போனஸோடு அதுவரை சேர்த்திருந்ததையும் போட்டு வாங்கினார். ஆட்டுக்கடாக் கொம்புபோலக் கீழே வளைந்த ஹேண்டில்பார், ஒல்லி டயர், முன்னால் இரண்டு செயின் வீல், பின்னால் ஐந்து பல்சக்கரம். எங்கள் வீதியில் கியர் சைக்கிள் அது ஒன்றுதான். முன்பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைத்து ஓட்டுவார். கியர் மாற்றும் லீவர் இரண்டும் கீழே சாய்வாகப் போகும் குழாயில் இருக்கும், குனிந்தால் என் கைக்கு எட்டும். ஆத்துப்பாலம் தாண்டியதும் “கியரைப் போடு கண்ணு” என்பார். வலது பக்க லீவரை நான் இழுப்பேன். அடுத்த நொடி சைக்கிள் பறக்கும். காதில் காற்று இரையும். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பேரிடம் அந்த லீவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டில் அந்த சைக்கிளுக்குப் பெயரே ‘கியர் சைக்கிள்’தான். அதிலிருந்து கியரை எடுப்பது என்றால், அந்த வீட்டின் பெருமையில் நான் கை வைக்கிறேன் என்றுதான் எனக்குப் பட்டது.

எடுக்காமல் விடவும் வழியில்லை. வீட்டை இடித்துக் கட்டும்போது சைக்கிள் பழைய இரும்புக்கடைக்கு எடைக்குப் போகவிருந்தது. நான் போய்த் தூக்கி வந்தேன். டயர் பாளம் பாளமாக வெடித்திருந்தது. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டீரெய்லர் துரு பிடித்து ஒரே கட்டியாக இறுகிவிட்டது. செயினைக் கையில் எடுத்தால் மடிந்த இடத்தில் மடிந்தபடியே நின்றது. ஐந்து சக்கர ஃப்ரீவீல், டீரெய்லர், செயின், கேபிள் எல்லாம் புதிதாகப் போட விசாரித்ததில், நான் ஒதுக்கியிருந்த 2,500 ரூபாயைப்போல இரண்டு பங்கு வந்தது. நல்ல சட்டம், நல்ல ரிம், ஆட்டமில்லாத பெடல். கியர் மட்டும்தான் செத்திருந்தது.

நூல் கணக்கு

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பின் ஆக்சில் உட்காரும் இடத்தை. அந்தக் காடி முன்னும் பின்னும் நகர்த்த இடம் கொடுக்கும்படி நீளவாக்கில் வெட்டியிருந்தால் பாதி வேலை முடிந்தது. சக்கரத்தைப் பின்னால் இழுத்தாலே செயின் இறுகிவிடும். கீழிருந்து மேலாக நேராக வெட்டிய காடி என்றால் இழுக்க இடமில்லை. செயினை இறுக்கத் தனியாக ஒரு கருவி வேண்டும், செலவும் கூடும். பழைய ரேஸ் சைக்கிள்களில் பெரும்பாலும் முதல் வகைதான் இருக்கும். மாமாவின் சைக்கிளிலும் அப்படித்தான் இருந்தது.

அடுத்தது மரை. சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பின்மேல் ஃப்ரீவீல் திருகும் மரை 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 சுற்று. பிரிட்டனின் பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் நிறுவனம், அதாவது பி.எஸ்.ஏ., பெயரால் வழங்கும் அளவு இது. நம்மூர் சாதா சைக்கிளின் ஃப்ரீவீலும் இதே அளவுதான். அதனால் பத்து கியர் ரேஸ் சைக்கிளின் ஹப்பில் சிறுவர் சைக்கிளின் ஃப்ரீவீல் அப்படியே ஏறும். ஒற்றை கியர் என்று பெயர் போட்டுத் தனிப் பெட்டியில் விற்கும் சாமான் எதுவும் தேவையே இல்லை. இணையத்தில் ‘கன்வர்ஷன் கிட்’ விலையைப் பார்த்து மலைத்து இந்த எண்ணத்தையே விட்டுவிட்ட நண்பர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இந்த மரை விஷயத்தை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். தெருமுனைக் கடையில் ஆணியில் தொங்கும் ஃப்ரீவீலே போதும்.

செயின் விஷயத்தில் கட்டட வேலைக்காரர்களின் நூல் கணக்கு எனக்குக் கைகொடுத்தது. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். சாதா சைக்கிள் செயினின் உள்ளகலம் சரியாக ஒரு நூல். கியர் சைக்கிள் செயின் முக்கால் நூல். ஒரு நூல் செயின் முக்கால் நூல் பல்லில் ஓடும். முக்கால் நூல் செயின் ஒரு நூல் பல்லில் ஏறாது. ஆகவே முன்னால் பழைய மெல்லிய செயின் வீலை வைத்துக்கொண்டு, பின்னால் தடித்த சாதா ஃப்ரீவீலைப் போட்டு, அகலமான சாதா செயினை மாட்டினால் இரண்டிலும் உட்காரும். தேய்மானத்தைப் பார்க்கவும் நூலே போதும். பின்னுக்குப் பின் 12 அங்குலம் இருக்க வேண்டிய செயின் துண்டு அரை நூல் கூடினாலே மாற்றிவிட வேண்டும். மாமாவின் செயின் இரண்டு நூலுக்குமேல் நீண்டிருந்தது. அதைப் பார்த்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

கழலாத ஃப்ரீவீல்

ஐந்து சக்கரங்களும் ஒரே அடுக்காகச் சேர்ந்த பழைய ஃப்ரீவீல் அது. ஓட்ட ஓட்ட, ஒவ்வொரு மிதியும் அதை மேலும் இறுக்கிக்கொண்டே போகும். கழற்றும் கருவி மாட்ட உள்ளே இரண்டே இரண்டு காடி. அதற்கான கருவி கடை அண்ணனிடம் இல்லை. உளியை வைத்துத் தட்டிப் பார்க்கலாம் என்றார். காடி உடைந்தால் ஹப்பும் போய்விடும் என்று நான் சம்மதிக்கவில்லை. கணபதிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பனிடம் சக்கரத்தைக் கொண்டுபோனேன். கோயம்புத்தூரில் வாழ்வதில் இது ஒரு பெரிய வசதி. எந்தச் சாமான் இல்லையென்றாலும் அதைச் செய்து தர ஒரு பட்டறை இருக்கும். ஆக்சிலை உருவிவிட்டு, இரண்டு காடிக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு பட்டை இரும்பை அவன் சாணை பிடித்துக் கொடுத்தான். இரண்டு நாள் டீசலில் ஊறிய ஃப்ரீவீலை அந்தப் பட்டையின்மேல் கவிழ்த்து, பட்டையை வைஸில் இறுக்கி, சக்கரத்தை இருவரும் இரண்டு பக்கமும் பிடித்து பஸ் ஸ்டீயரிங்போல இடது பக்கம் திருப்பினோம். முதலில் அசையவில்லை. மூன்றாவது முறை ‘டக்’ என்று ஒரு சத்தம். ஏதோ உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஃப்ரீவீல் இளகியிருந்தது.

டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அதைத் தேய்த்தேன். தூக்கிப் போடப்போகிற சாமானைத் துலக்குவானேன் என்று நண்பன் கேட்டான். மாமாவின் சைக்கிளிலிருந்து எடுத்த எதையும் எறிவதில்லை, ஒரு பெட்டியில் போட்டு வைப்பது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். சட்டத்தை அறுப்பதோ, கியர் கேபிளைத் தாங்கும் முனைகளை ராவி எடுப்பதோ கூடாது என்பதும் அதே முடிவுதான். பின்னால் யாராவது திரும்ப கியர் போட நினைத்தால் அதற்கு இடம் இருக்க வேண்டும்.

முப்பது வருட மசி கரைந்ததும் பற்கள் தெரிந்தன. 14, 17, 20, 24, 28 என்று ஐந்து அடுக்கு. பெரிய சக்கரத்தின் பற்களில் கடையிலிருந்து வந்த முலாம் அப்படியே மின்னியது. அடுத்ததிலும் அப்படித்தான். சின்னது இரண்டிலும் விரல் வைத்துப் பார்த்தேன், முனை மழுங்காமல் சதுரமாக நின்றது. நடுவில் இருந்த 20 பல் சக்கரம் மட்டும் கதிர் அரிவாளின் நுனிபோல ஒவ்வொரு பல்லும் ஒரு பக்கம் வளைந்து, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் பள்ளம் பறித்திருந்தது. ஐந்து சக்கரத்தில் ஒன்றே ஒன்றுதான் உழைத்திருக்கிறது. முன்னால் போய்ச் செயின் வீலைப் பார்த்தேன். வெளியே இருந்த 52 பல் தேய்ந்து கூராகியிருந்தது. உள்ளே இருந்த 42 பல் புதிது.

பிறகு டீரெய்லரை எடுத்துத் துலக்கினேன். துரு என்று நான் நினைத்திருந்ததில் பாதி கட்டுக்கம்பி. நான்கு சுற்றுச் சுற்றி, முறுக்கி, நுனியை யார் காலிலும் குத்தாமல் உள்ளே மடித்து வைத்திருந்தார் யாரோ. மில்லில் ஃபிட்டராக இருந்த மாமாவின் முறுக்கு அது, எங்கள் வீட்டுத் துணிக்கொடிக் கம்பியில் தினமும் பார்த்த முறுக்கு. டீரெய்லர் அசையாமல் மூன்றாவது சக்கரத்துக்கு நேராக நிற்கும்படி கட்டியிருந்தார். லீவரிலிருந்து வந்த கேபிள் டீரெய்லரைத் தொடவே இல்லை. அதன் நுனி சட்டத்தோடு சேர்த்து டேப் சுற்றி ஒட்டியிருந்தது. பின்சக்கரத்தில், ஃப்ரீவீல் பக்கம், இரண்டு ஸ்போக்ஸ் கம்பி மட்டும் மற்றவற்றைவிடத் தடிமனாக, வேறு நிறத்தில் இருந்தன.

பட்டறைத் தரையில் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். லீவர் அப்போதும் நன்றாகத்தான் வேலை செய்தது. இழுத்தால் வரும், விட்ட இடத்தில் நிற்கும். அதற்குள் இருக்கும் திருகை முடுக்கி வைத்தால் கேபிள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கைக்கு ஒரே கனம்தான். ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

மாமா சொன்னது

அன்று ராத்திரியே கூப்பிட்டேன். “மாமா, கியர் எப்போ போச்சுங்?” என்று நேராகக் கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்தார்.

“வாங்கி ரெண்டாம் வருசம் மழையில சறுக்கி உளுந்தேன் மாப்ள. கியர் செட்டு வளைஞ்சு ஸ்போக்ஸுக்குள்ள போயி ரெண்டு கம்பிய அத்துப் போட்டுருச்சு. மெட்ராசுல சாமான் சொல்லி வெச்சேன், வரவே இல்ல. நானே நிமித்தி, எதிர்காத்துக்குத் தோதா ஒரு பல்லுல நிறுத்திக் கட்டிப் போட்டேன்.”

1991-இல் வாங்கி இரண்டாம் வருடம் என்றால் 1993. நான் முன்பாரில் உட்கார ஆரம்பித்ததே அதன் பிறகுதான். நான் இழுத்த லீவர் ஒருநாள்கூட எதையும் இழுத்ததில்லை. “அப்புறம் எதுக்கு கியரைப் போடு, கியரைப் போடுன்னு சொன்னீங்க?” என்றேன்.

“மொதல்ல நாஞ் சொல்லல. நீயாத்தான் ஒருநா இழுத்த. இழுத்துப்போட்டு எட்டி எட்டி என் மூஞ்சியப் பாத்த. அப்புறம் எப்படி மெதுவா மிதிக்கிறது?”

சிங்காநல்லூர் மில்லில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, பத்து கிலோமீட்டர் மிதித்துக் குனியமுத்தூர் வந்து, என்னை ஏற்றிக்கொண்டு மறுபடியும் ஒரு சுற்று கிளம்பிய கால்கள் அவை. நான் லீவரை இழுத்த ஒவ்வொரு தடவையும் அந்தக் கால்கள்தான் கியராக மாறியிருக்கின்றன. கியரை எடுக்க அவரிடம் எப்படி அனுமதி கேட்பது என்று ஒரு மாதமாக நான் தயங்கிக்கொண்டிருந்தேன். அவர் அதை முப்பது வருடத்துக்கு முன்பே எடுத்து முடித்திருந்தார். அதை வீட்டில் யாருக்கும் சொல்லவும் இல்லை.

42-க்கு 16

அதன்பிறகு எந்தப் பல் போடுவது என்ற குழப்பம் இருக்கவில்லை. முன்சக்கரப் பல்லைப் பின்சக்கரப் பல்லால் வகுத்து, சக்கரத்தின் விட்டத்தால் பெருக்கினால் கியரின் கனம் தெரியும். மாமா ஓட்டியது 52-க்கு 20. 27 அங்குலச் சக்கரத்தில் அது 70.2 வருகிறது. தேயாமல் கிடந்த 42 பல்லை வைத்துக்கொண்டு, பின்னால் 16 பல் போட்டால் 70.9. கிட்டத்தட்ட அதே மிதி. இன்னொன்றையும் கணக்குப் போட்டேன். 28 அங்குலச் சாதா சைக்கிளில் 44-க்கு 18 இருந்தால் 68.4. பால்காரர் சைக்கிளும் மாமாவின் ரேஸ் சைக்கிளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றன. சமதரையில் ஒரு மனிதக் காலுக்கு எது ஒத்துவரும் என்பதை மாமா கணக்குப் போடாமலே காலால் கண்டுபிடித்திருக்கிறார். பெடலை ஒரு சுற்று மிதித்தால் ஐந்தரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே போகும். நிமிடத்துக்கு 70 சுற்று என்றால் மணிக்குச் சுமார் 24 கிலோமீட்டர். அலுவலகத்துக்கு வியர்க்காமல் போய்ச்சேர இது போதும்.

16 பல் ஃப்ரீவீல் சிறுவர் சைக்கிள் சாமானில் கிடைத்தது, 160 ரூபாய். செயின் 220. 52 பல்லைக் கழற்றியதும் ஐந்து போல்ட்டும் நீளம் கூடிவிட்டதால் லேத்தில் வாஷர் வெட்டிக்கொண்டோம். அடுத்து வந்த சிக்கல்தான் இந்த வேலையிலேயே பெரியது. ஒற்றை ஃப்ரீவீல், ஐந்து அடுக்கு இருந்த இடத்தின் உள்பக்கமாகப் போய் உட்காரும். முன்செயின் வீலிலிருந்து கொத்தனார் நூலைப் பிடித்துப் பார்த்தேன். பின்பல் ஒன்றரை நூல் உள்ளே இருந்தது. இப்படியே விட்டால் செயின் கோணலாக ஓடிக் கரகரக்கும், பல்லைத் தின்னும், ஒருநாள் கழன்றும் விழும். ஆக்சிலில் வலப்பக்கம் இருந்த ஒன்றரை நூல் வளையத்தை எடுத்து இடப்பக்கம் போட்டால் ஹப் அவ்வளவு வலப்பக்கம் நகர்ந்துவிடும். ரிம்மும் சேர்ந்து நகர்வதால், வலது கம்பிகளைத் தளர்த்தி இடது கம்பிகளை முடுக்கி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். கியர் சக்கரத்தில் எப்போதும் வலது பக்கம் விறைத்து இடது பக்கம் தொளதொளவென்று இருக்கும். இப்போது இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இழுக்கின்றன, சக்கரம் முன்னைவிட உறுதி. இந்த வேலையை நான் தொடவில்லை. கடை அண்ணன் ஒரு மணிநேரம் உட்கார்ந்து பெண்டு எடுத்தார். மாமா மாற்றிய அந்த இரண்டு தடித்த கம்பிகளையும் வேறு போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஓவராயிலுக்குப் பால்ரஸ், கிரீஸ், பிரேக் கட்டை, கேபிள், இரண்டு டயர், டியூப், கூலி எல்லாம் சேர்த்து 2,080 ரூபாய். பாதிக்குமேல் டயருக்கும் டியூபுக்கும்தான் போனது.

பிரேக்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒற்றை கியர் என்றதும் ஃப்ரீவீலையும் எடுத்துவிட்டு, பிரேக்கும் இல்லாமல், காலாலேயே நிறுத்துகிற மாதிரி ஓட்டும் பழக்கம் இளைஞர்களிடம் பரவுகிறது. நம் சாலையில் அது வேண்டவே வேண்டாம். குறுக்கே ஓடிவரும் நாயும் பிள்ளையும் நம் கால் பலத்தைக் கேட்டுவிட்டு வருவதில்லை. முன்னும் பின்னும் இரண்டு பிரேக்கும் புதுக் கட்டை, புதுக் கேபிளோடு இருக்கட்டும். மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் இருக்கின்றன.

முடித்துக் கொண்டுபோய்க் கடை வாசலில் நிறுத்தியபோது அண்ணன் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டார். செயின் சத்தமே இல்லாமல் ஓடியது. நடுவில் செயினை விரலால் தூக்கிப் பார்த்தார். நாலு நூல் ஆடியது. சரியான தளர்வு அதுதான். “சாதா சைக்கிள்தானுங்க” என்றார் மறுபடியும். இந்த முறை நான் ஒத்துக்கொண்டேன்.

ஆடிக் காற்று

கோயம்புத்தூரில் ஒற்றை கியரைச் சோதிப்பது மேடு இல்லை, காற்று. மேற்கு மலைத்தொடரில் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாக நேரே நம்மேல் வந்து மோதும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இங்கே வெறும் பேச்சில்லை. சாயங்காலம் உக்கடம் பெரிய குளத்துக் கரைக்கு வந்ததும் யாரோ கைவைத்துத் தள்ளுவதுபோல இருக்கும். முதல் வருடம் அந்த இடத்தில் 16 பல்லோடு எழுந்து நின்று மிதித்தும் சைக்கிள் நகரவில்லை. எதிர்காற்றுக்குத் தோதாக என்று மாமா சொன்ன சொல் அன்றைக்குத்தான் உடம்புக்குப் புரிந்தது. ஆனாலும் அவர் கால் வேறு, என் கால் வேறு.

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியில் டீரெய்லருக்குப் பொதுவான அனுமதி 1937-இல்தான் வந்தது. அதற்கு முன் மலை அடிவாரத்தில் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கம் இருக்கும் வேறு அளவுப் பல்லுக்குத் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். நான் வருடத்துக்கு ஒருமுறை கியர் மாற்றுகிறேன். ஆனி பிறந்ததும் 16 பல்லைக் கழற்றி 18 பல் ஃப்ரீவீலைப் போடுவேன். கனம் 63-க்கு இறங்கும். செயினை நீட்ட வேண்டியதில்லை, ஆக்சிலைக் காடியில் இரண்டு நூல் முன்னால் தள்ளினால் அதே செயின் சரியாக வரும். புரட்டாசியில் திரும்ப 16.

லீவர் இரண்டும் குழாயில் அப்படியே இருக்கின்றன. கேபிள் கிடையாது. திருகை மட்டும் முடுக்கி வைத்திருக்கிறேன்.

போன வாரம் மாமா கூப்பிட்டார். திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறார், முட்டிவலி, சைக்கிள் ஏறி வருடங்கள் ஆகின்றன. அவர் முதலில் கேட்டது என் உடம்பையோ வேலையையோ பற்றி இல்லை.

“குளத்து மேட்டுல காத்து ஆரம்பிச்சிருச்சா?”

“ஆரம்பிச்சிருச்சுங் மாமா.”

“எத்தன பல்லு போட்டிருக்க?”

“பதினெட்டுங்.”

“ம்” என்றார். “வர்ற ஞாயித்துக்கெழம வர்றேன். பாக்கோணும்.”